நீ நிறுத்தி வைத்த முகம்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை கிறுக்கிய தாளை யாரோ தவறி உறைக்குள் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. உன் அப்பாதான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. என் கையேதான். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனால் எழுத்துகள் கோட்டில் இருக்க மாட்டோம் என்கின்றன. வலையின் மிதப்புக் கட்டைகள் அலையில் ஏறி இறங்குவதுபோல ஒரு வரி மேலே போகிறது, அடுத்த வரி கீழே வருகிறது. கொம்பு சில இடத்தில் முந்திவிட்டது, சில இடத்தில் பிந்திவிட்டது. வாழ்நாள் முழுவதும் கயிறும் துடுப்பும் பிடித்த கை, பேனையைப் பிடித்தால் அதை நெரித்துவிடப் பார்க்கிறது. பொறுத்துக்கொண்டு வாசி. வாசிக்க உனக்குக் கஷ்டம் என்றால் எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார். ஆனாலும் இவ்வளவு சந்தோசமான கஷ்டத்தை நான் ஒருநாளும் பட்டதில்லை.

வாசிகசாலையில் பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள் என்று போனில் சொன்னபோது நீ சிரித்தாய். “இனி என்னத்துக்கப்பா?” என்றாய். முதல் நாள் கமலா ரீச்சர் ஒவ்வொருவரிடமும் என்ன வாசிக்க ஆசை என்று கேட்டார். ஒருவர் தேவாரம் என்றார், ஒருவர் பேப்பர் என்றார். நான், “ரீவியில அடியில ஓடுமே, அது” என்றேன். “அத நாங்களே வாசிச்சு முடிக்க முன்னம் ஓடிருமே ஐயா!” என்று ரீச்சர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவும் ரீவியும் கேட்டுக் கேட்டு, எழுதுகிற தமிழ் என் காதில் எப்போதோ இருந்தது. கண்ணுக்குத்தான் வராமல் இருந்தது. இப்போது கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். சவர்க்காரப் பெட்டி, உப்புப் பை, மருந்துப் போத்தல், கோயில் மதில். ஒரு எழுத்தையும் விட்டுவிட்டுப் போக மனம் வராது. “இந்த மனுசனோட கடைக்குப் போனாப் பொழுது பட்டிரும்” என்று எதிர்வீட்டுப் பூமணி ஏசுகிறாள். ஏசட்டும். அவள் வீட்டு வாசலில் ‘நல்வரவு’ என்று எழுதியிருப்பதை இத்தனை வருடமும் நான் பூ வேலைப்பாடு என்றே நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். சொல்லிப் பார்த்தேன். நீ என் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறாய், நான் வாயைத் திறக்க முன்னரே, “என்னப்பா, ஏதும் தெரிஞ்சதா?” என்கிறாய். உன் கண்ணைப் பார்த்ததும் எனக்குச் சொல் நின்றுவிடுகிறது. தாளுக்குக் கண் இல்லை, அதனால் அதில் சொல்கிறேன். உன் அண்ணனைப் பற்றித்தான். நான் கதிரவெளிக்குப் போய் வந்தேன் மகனே. அங்கே நடந்ததை ஒழுங்காகச் சொல்லவேண்டும். நீயும் அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாமல் ஒழுங்காக வாசிக்கவேண்டும்.

நம் ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில், கார் பற்றரியில் ஓடுகிற ரீவி ஒன்று சங்கக்கடைக்காரர் வீட்டில் மட்டும் இருந்தது. உள்ளே அவர்களுடைய சொந்தக்காரர் நிறைந்துவிடுவார்கள். மற்றவர்கள் யன்னலுக்கு வெளியே நிற்கவேண்டும். உன் உயரத்துக்கு யன்னல் எட்டாது. அண்ணன் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான். நீ யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் முடியும்வரை பார்ப்பாய். அவன் முகத்துக்கு நேரே சுவர்தான். வீட்டுக்கு வந்து சோற்றுக்கு இருக்கும்போது நீ கதையைச் சொல்ல, அவன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பான். “மறுகா? மறுகா என்னடா நடந்த?” என்பான். நீ மறந்த இடத்தில் சொந்தமாக ஏதாவது சேர்த்துவிடுவாய். அம்மா சிரிப்பாள். உன் அண்ணன் வாழ்க்கையில் ஒருநாளும் ரீவி பார்த்ததில்லை. உன் வாயால் கேட்டதுதான்.

மீசை அப்போதுதான் அவனுக்குக் கறுத்து வந்திருந்தது. நீ நாலாம் வகுப்பு. வலைக்கு நூல் வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குச் சைக்கிளில் போனான். சண்டை நடந்த அந்த நாட்களில் றோட்டுக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. நானும் அம்மாவும் போகாத வாசல் இல்லை, அது உனக்குத் தெரியும். பிறகு நீ வளர்ந்து சுவிசுக்குப் போனாய். பிறகு சுனாமி வந்து கடற்கரைப் பக்கத்து வீட்டையும் உன் அம்மாவையும் கொண்டுபோனது. அன்று காலை வாவியில் இருந்தபடியால் நான் மிஞ்சினேன். போன் ஒன்றும் வேலை செய்யவில்லை. நீ அங்கே இருந்து ரீவியில் முகம் முகமாகத் தேடினாய். பள்ளிக்கூட மண்டபத்தில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்த கிழவனைக் கமெரா ஒருதரம் கடந்துபோனது. அதில்தான் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று கண்டுகொண்டாய். அந்தப் பெட்டி உனக்கு ஒருதரம் அப்பாவைத் திருப்பித் தந்தது. அண்ணனையும் ஒருநாள் தரும் என்று நீ காத்திருப்பதை நான் பைத்தியம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மருமகள் போன் எடுத்து அழுதாள். “மாமா, உங்கட மகனுக்கு நீங்கதான் சொல்லோணும். வேலையால வந்தா உடுப்பும் மாத்துறல்ல. மட்டக்களப்பில கோயில் திருவிழா எண்டா அதப் பாக்கார், சந்தை எண்டா அது, ஆரோ பள்ளிக்குடத்தில ஓட்டப்போட்டி எண்டாலும் அது. எல்லாம் இப்ப போன்ல வருகுது. ஆக்கள் நிக்கிற இடம் வந்தா நிப்பாட்டிப்போட்டுப் பெரிசாக்கிப் பாக்கார். புள்ள பள்ளிக்குடத்தில குடும்பப் படம் கீறியிரிக்கு மாமா. எனக்கு முகம் இரிக்கு, அவளுக்கு முகம் இரிக்கு. அப்பாக்கு முதுகுதான் கீறியிரிக்கா.” “நான் சொல்றன் புள்ள” என்று மட்டும் சொன்னேன். சொல்லவில்லை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது அல்லவா, உன் தேடலில்.

பிறகுதான் அந்த ஆடி அமாவாசை. அப்பா இல்லாதவர்கள் விரதம் இருந்து, அமிர்தகழித் தீர்த்தக்குளத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டு முழுகுகிற நாள். என் அப்பா போய் எவ்வளவோ காலம். நானும் வருடம் தவறாமல் அமிர்தகழிக்குப் போவேன். இந்த வருடம் கால் வலியினால் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாவியிலேயே முழுகிவிட்டு, காகத்துக்குச் சோறு வைத்துக்கொண்டு நிற்கும்போது உன் போன் வந்தது.

“அப்பா! அண்ணனக் கண்டிட்டன்!”

“ஆர மனே?”

“அண்ணன அப்பா! அமிர்தகழித் தீர்த்தம் நேரடியாப் போகுது. தண்ணிக்குள்ள நிக்கார். மாறவேயில்லப்பா. அப்பிடியே இரிக்கார்.”

“வடிவாப் பாத்தியா?”

“அந்தத் தோள் எனக்குத் தெரியாதா அப்பா? நான் ஏறி இருந்த தோள்.”

சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டு, என்ன காண்கிறாயோ அதைச் சொல்லிக்கொண்டே போனாய். விரலில் தர்ப்பை போட்டிருக்கிறார், ஐயருக்கு முன்னால் கையை நீட்டுகிறார், எள்ளும் தண்ணீரும் விடுகிறார் என்றாய். பிறகு திடீரென்று உன் சத்தம் இறங்கியது.

“அப்பா… அண்ணன் உங்களுக்குத்தான் குடுக்கார். நீங்க சுனாமியில போயிட்டீங்க எண்டு அவருக்கு ஆரோ சொல்லியிரிக்காங்க.”

“நான் இரிக்கன்தானே” என்றேன். உனக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா தெரியாது.

போனை வைத்த பிறகு சோற்றுக்கு முன்னால் இருந்தேன். எனக்கு எதிரே வேலியில், நான் என் அப்பாவுக்கு வைத்த சோற்றைக் காகம் தின்றுகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு வீட்டு வேலியில் வேறொரு காகம் எனக்கு வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருக்கும் என்று நினைத்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு பல நாள் அந்த நினைப்பு என்னை விடவில்லை. பூமணி கூப்பிட்டு நான் உடனே மறுமொழி சொல்லாவிட்டால், “என்ன, ஆள் இரிக்கிங்களா?” என்று விளையாட்டாகக் கேட்பாள். முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “இரிக்கன்” என்பேன். இன்னொருவனுடைய மனத்தில் செத்துப்போய், அவன் விடுகிற எள்ளையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, இங்கே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல எனக்கு எழுத்துப் போதவில்லை. ஆனால் அதற்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. அவன் என்னைச் செத்தவன் என்று நினைக்க, அவன் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா?

நீ அந்த ஓடுகிற படத்தை எனக்குப் போனில் அனுப்பினாய். அப்போது எனக்கு ‘அ’வும் ‘ஆ’வும்தான் தெரியும். முகத்தை மட்டும் பார்த்தேன். சின்னப் போனில், தண்ணீர் வழிகிற முகம். அவன்தான் என்று எனக்கும் தோன்றியது. அந்த நெற்றி, அந்தக் கழுத்து. மாறவேயில்லை என்று நீ சொன்னாயே, அதே சொல்லைத்தான் நானும் சொல்லிக்கொண்டேன். நீ என்னைப் போய்த் தேடச் சொன்னாய். எங்கே என்று போவது? நாலு திசையிலிருந்தும் சனம் வருகிற குளம் அது.

வகுப்புக்குப் போய்ச் சில மாதங்களில், போனில் அந்தப் படத்துக்குக் கீழேயும் ஆட்கள் எழுதியிருப்பது எழுத்து என்று எனக்குப் பிடிபட்டது. ஒரு காலை முழுவதும் குந்தியிருந்து கூட்டிக் கூட்டி வாசித்தேன். சிலர் கோயிலைக் கும்பிட்டிருந்தார்கள். ஒருத்தி கனடாவிலிருந்து, தன் பெரியம்மாவைக் கண்டதாக எழுதியிருந்தாள். அதற்கடுத்து இப்படி இருந்தது: ‘அண்ணா, அப்பா உயிரோடு இருக்கிறார். செட்டிபாளையத்தில் வாவிப் பக்கம் இருக்கிறார். வீட்டுக்கு வா. தம்பி.’ நான் வாழ்க்கையில் என்னைப் பற்றி வாசித்த முதல் வசனம் அது மகனே. உன் பெயர் அதில் இல்லை. பெயர் தேவையா? நீ முன்பு அனுப்பியிருந்த மற்றப் படங்களையும் திறந்து பார்த்தேன். தேர்த்திருவிழாவுக்குக் கீழே, மாட்டுவண்டிச் சவாரிக்குக் கீழே, கல்லடிக் கடற்கரையில் ஆட்கள் பட்டம் விடுவதற்குக் கீழே, எல்லாவற்றிலும் அதே வசனம். பேய் வந்து சுவரில் எழுதிவிட்டுப் போனதுபோல இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத காலம் முழுவதும் நீ ஊரெல்லாம் நான் இருக்கிறேன் என்று எழுதிவைத்திருக்கிறாய்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. நீ அந்தப் படத்தை எப்போதும் முகம் வரும் இடத்தில் நிறுத்திவிடுகிறாய். எனக்கு நிறுத்தத் தெரியாது. அது ஓடிக்கொண்டே இருந்தது. முகம் போன பிறகு கமெரா படிக்கட்டுக்குப் போகிறது. அங்கே நிறைமாதத்துப் பெண் ஒருத்தி, தண்ணீரைப் பார்த்தபடி, அவன் ஏறி வந்ததும் கொடுப்பதற்கு ஒரு சட்டையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள் போடுகிற நீலச் சட்டை. அதன் முதுகில் எழுத்து இருக்கிறது. எழுத்து இருந்தால் நான் விடுவேனா? க, தி, ர, வெ. மிச்சம் மடிப்புக்குள் போய்விட்டது. ஆனாலும் அது போதும்தானே. ரீச்சரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். “கதிரவெளி, ஐயா! நீங்களே வாசிச்சிட்டீங்க!” என்று அவர் கைதட்டினார். அவருக்கு என்ன தெரியும், நான் எதை வாசித்தேன் என்று.

உனக்குச் சொல்லாமல் புறப்பட்டேன். காத்தான்குடியில் இறங்கி ஒரு சட்டை வாங்கினேன். “ஆருக்கு ஐயா சேட்?” என்று கடைக்காரர் கேட்டார். “மூத்தவனுக்கு.” “என்ன அளவு?” “மெலிஞ்ச பெடியன். தோள் மட்டும் அகலம்” என்று கையால் காட்டினேன். அவரும் அதற்கேற்ற மாதிரி ஒன்று எடுத்துத் தந்தார். பட்டணத்தில் பஸ் மாறி, வடக்கே போகிற பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்தேன். வழி நெடுகப் பெயர்ப் பலகைகள். ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை, ஓட்டமாவடி. இந்த ஊர்களெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் அன்றுதான் அவை தங்கள் பெயரைத் தாங்களே எனக்குச் சொல்லின. பக்கத்தில் இருந்த பெண், நான் சத்தமாக வாசிப்பதைக் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மடியில் சட்டை இருந்தது.

கதிரவெளிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் போனைக் காட்டினேன். “இது நம்மட யோகன்தானே. என்ன விசயம் ஐயா?” என்றான் கடைக்காரன். பெயர் வேறு. அது என்னை நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் உயிர் தப்பப் பெயர் மாற்றியவர்கள் எத்தனை பேர்! அவன் காட்டிய ஒழுங்கையில் போனேன். வீட்டுக் கொடியில் அந்த நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் நின்ற பெண்தான் மடியில் பிள்ளையோடு வாசலில் இருந்தாள். செல்வி என்று பெயர். “அவர் கடலுக்குப் போயிட்டார், இப்ப வந்திருவார், இரிங்க ஐயா” என்று கதிரை தந்தாள். தேத்தண்ணீரும் தந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரீவி, தோள், நூல் வாங்கப் போனது, சுனாமி, உன் போன். அவள் பிள்ளையைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்கட மகன் எப்ப போனவர்?”

“சின்னவன் நாலாம் வகுப்புப் படிக்கக்குள்ள.”

“அந்தச் சின்னவர் இப்ப?”

“அவனா?” என்று சிரித்தேன். “அவனுக்கு இப்ப தலை நரைச்சிட்டு. கண்ணாடி போடாட்டிப் போனும் தெரியாது. பொம்புளப் புள்ள ஒண்டு பள்ளிக்குடம் போகுது.”

அவள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப மூத்தவருக்கு?”

மகனே, நான் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தேன். மடியில் இருந்த சட்டையைப் பார்த்தேன். நீ கிழவனாகத் தொடங்கிவிட்டாய். நான் கிழவனாகி முடியப் போகிறேன். அவனை மட்டும் நாம் இரண்டு பேரும் மீசை முளைத்த அன்றே நிறுத்தி வைத்திருக்கிறோம். மாறவேயில்லை என்று நீ சொன்னபோது அது எப்படி என்று நீயும் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எவரோ ஒருத்தி, முகம் தெரியாதவள், கைக்குழந்தைக்காரி, ஒரு தேத்தண்ணீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்.

அப்போது ஒழுங்கையில் அவன் வந்தான். வெயில் முதுகுப் பக்கம். தோளில் வலை. அதே நடை. எல்லாம் தெரிந்த பிறகும் என் கால்கள் தாமாக எழுந்தன. கிட்ட வந்து, “ஆர் ஐயா?” என்று கேட்டான். சத்தம் வேறு. முகமும் கிட்டத்தில் வேறு. உனக்கு மகனாக இருக்கக்கூடிய வயது. அவ்வளவுதான்.

செல்வி சொல்ல அவன் கேட்டான். “நான் ரீவியில வந்தனா? வடிவா இரிக்கனா?” என்று முதலில் சிரித்தான். போனை வாங்கித் தன் முகத்தைப் பார்த்தான். பிறகு விரல் பட்டுப் படம் மேலே போக, கீழே இருந்த எழுத்தை வாசித்தான். பெடியன்கள் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார்கள்! “அப்பா உயிரோடு இருக்கிறார்” என்று வாய்விட்டு வாசித்தான். வாசித்தவன் அப்படியே நின்றான். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே, அதற்குள்ளிருந்து வேறு ஏதோ ஒன்று எழும்பி வந்தது. அவனுடைய அப்பாவும் விறகுக்குப் போய்த் திரும்பி வராதவர் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு கணம்தான். பிறகு அது எங்கள் கதை என்று அவனுக்குப் புரிந்தது; போனை என் கையில் தந்துவிட்டு வலையைக் காயப்போடப் போய்விட்டான். ஆனால் அந்த ஒரு கணத்தில் அவன் முகத்தை நான் பார்த்தேன். உன் போன் வந்த அன்று கிண்ணத்தோடு நின்ற என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு வந்து பக்கத்தில் குந்தினான். “எங்கட அம்மா இரிக்குமட்டும் என்னத் தர்ப்பைக்குக் கை நீட்ட விடல்ல ஐயா. ‘கொப்பன் வாசல்ல வந்து நிண்டு, என்னடா எனக்கு எள்ளுத் தண்ணி விட்டாய் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?’ எண்டு ஏசுவா. அம்மாவும் போயிட்டா. இந்த ஆடிக்குத்தான் முதல் தரம் போனன். ஐயர் அப்பாட பேரக் கேட்டார். அந்தப் பேரச் சத்தம் போட்டுச் சொல்லி எவ்வளவு காலம். மறுகா சொன்னன். சொன்னாப் பிறகு, உள்ள தண்ணி குளிர்ந்த மாதிரி இருந்திச்சி.” நான் கொண்டுபோன சட்டையை அவனுக்குக் கொடுத்தேன். வேண்டாம் என்றான், செல்விதான் வாங்கினாள். போட்டுப் பார்த்தான். அளவாக இருந்தது. தைத்து வைத்ததுபோல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சனம். வாழைச்சேனையில் ஏறி இருந்த ஒருவர் எழுந்து, “இதில இரிங்க அப்பா” என்று எனக்கு இடம் தந்தார். வயதான ஆட்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். தலை பாதி நரைத்த மனிதர். முன்பல் ஒன்று இல்லை. கையில் மண்ணெண்ணெய்க் கலன். அவர் செங்கலடியில் இறங்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. அவரும் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் அவன் இல்லை, எனக்குத் தெரியும். தெரியுமா? இவ்வளவு காலமும் சந்தையில், தேரில், பஸ்ஸில் நான் பெடியன்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன் மகனே. நரைத்த தலைகள் என் தோளில் இடித்துக்கொண்டு போயிருக்கும். ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

இதை எழுதுவதா விடுவதா என்று இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு வெளியே போய் வந்தேன். எழுதினால் நீ இனி நரைத்த தலைகளில் நிறுத்தத் தொடங்குவாய் என்று பயம். மறைத்தால், நீ அந்த ஈர முகத்தையே வைத்துக்கொண்டு இருப்பாய். தேடாதே என்று சொல்ல என் நாக்கு எழாது. எனக்கே முடியாததை உனக்கு எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வசனத்தை இனி முகங்களுக்குக் கீழே எழுதாதே. நீ அண்ணன் என்று நினைத்து எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் வேறு யாருடைய பிள்ளையோ நிற்கிறான். அவனும் அப்பாவைக் காணாதவனாக இருக்கலாம். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் குறைவா? அந்தப் பெடியன் முகத்தில் நான் பார்த்ததை இன்னொரு முகத்தில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பதிலாக இன்னொன்று செய்வோம். வரும் ஆடி அமாவாசைக்கு நீ வா. மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. உனக்கு விரதம் இல்லை, தண்ணீரில் உனக்கு வேலையும் இல்லை. உன் அப்பா இருக்கிறேன். நான் என் அப்பாவுக்குக் கொடுக்க அமிர்தகழிக் குளத்தில் இறங்குவேன். கால் வலித்தாலும் இறங்குவேன். கமெராக்காரர்கள் எந்தப் படியில் நிற்பார்கள் என்று யோகன் பிறகு போன் எடுத்துச் சொல்லித் தந்திருக்கிறான். தானும் வந்து என் கையைப் பிடித்து இறக்குவதாகச் சொல்லியிருக்கிறான். நீ என் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு படியில் நில். பேத்தியை உன் தோளில் தூக்கி வைத்துக்கொள். கமெரா முதலில் என்னைக் காட்டும், பிறகு படிக்கு வந்து உன்னைக் காட்டும். உலகத்தில் எந்த ஊரில், எந்த வீட்டில், என்ன பெயரில் அவன் இருந்தாலும், வாழ்க்கையில் ஒருதரமாவது ஆடி அமாவாசையன்று நம் ஊர் ரீவியைப் பார்க்கமாட்டானா? தோளில் பிள்ளையோடு நிற்கிற ஒரு நரைத்த மனிதனையும், தண்ணீரிலிருந்து ஏறி வருகிற ஒரு கிழவனையும் கண்டால், அவன் நிறுத்தி வைத்துப் பார்க்கட்டும். நாம் மாறிப்போயிருக்கிறோம். அவன் கண்டுபிடிக்கட்டும்.

தாள் முடிகிறது, விரலும் மரத்துவிட்டது. பேத்திக்கு என் எழுத்தைக் காட்டு. அவள் எழுத்து இதைவிட நன்றாக இருந்தால் அதையும் எனக்கு அனுப்பு. இனிக் கிழமைக்கு ஒரு கடிதம் போடுவேன். அடுத்த கிழமை தபால்காரன் வரும்போது வாசலில் நில். அதற்கடுத்த கிழமையும் நில். உறையின்மேல் இந்தக் கோணல் எழுத்து இருக்கும்வரை, நீ ஊரெல்லாம் எழுதிவைத்தது உண்மை என்று தெரிந்துகொள்.

உன் அப்பா